சேர்க்கைக்கு முன் மதிப்பீடு: மதிப்பெண் தாளா, ஆறு பரிமாண நேர்காணலா?

போதை மீட்பு சிகிச்சைக்கு வருகிறவர்களைச் சேர்க்கைக்கு முன் மதிப்பிடுவது என் வேலை. யாரை உள்நோயாளியாகச் சேர்ப்பது, யாரை வெளிநோயாளியாகப் பார்ப்பது என்பதை எங்கள் குழு வெகுகாலம் கேள்வித்தாள் மதிப்பெண்ணை வைத்தே முடிவு செய்தது. பிறகு ஏ.எஸ்.ஏ.எம். எனப்படும் அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கத்தின் பரிமாண முறைக்கு மாறினோம். இரண்டிலும் வேலை பார்த்துவிட்டேன். நான் இரண்டாவதன் பக்கம்தான்.

கேள்வித்தாளின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தால் குடி ஆபத்தான அளவில் இருக்கிறது, 20 வந்தால் சார்புநிலை இருக்கலாம். அதே நிறுவனத்தின் அசிஸ்ட், 8 கேள்விகளில் புகையிலையிலிருந்து ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) வரை எல்லாவற்றையும் தொட்டுவிடும். சில நிமிட வேலை, பெரிய பயிற்சியும் வேண்டாம். வேறு நோய்க்காக மருத்துவமனைக்கு வந்தவரிடம் இந்தப் பிரச்சினை இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஏ.எஸ்.ஏ.எம். முறை 1991-ல் வந்தது. வித்ட்ராயல் (போதைப்பொருளை நிறுத்தும்போது உடலில் வரும் பாதிப்பு) ஆபத்து, உடல்நோய்கள், மனநிலை, மாறுவதற்கான தயார்நிலை, மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பும் வாய்ப்பு, வாழும் சூழல் என்று ஆறு பக்கமாக ஒருவரைப் பார்க்கச் சொல்லும். 2023-ல் வந்த நான்காம் பதிப்பில் தயார்நிலை தனிப் பரிமாணமாக இல்லை. நோயாளியின் விருப்பமும், சிகிச்சைக்கு வர அவருக்கு உள்ள தடைகளும் ஆறாவது இடத்துக்கு வந்திருக்கின்றன. எனக்கு இது சரியான மாற்றம். ‘இவருக்கு இன்னும் மனசு வரவில்லை’ என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, என் மனதை மாற்றியது எது? முதல் பரிமாணம், அதாவது அடுத்த மூன்று நாட்களில் இவர் உடலுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி.

ஆடிட் கேள்விகள் பெரும்பாலும் கடந்த ஓராண்டைப் பற்றியவை. இரண்டு பேர் வருகிறார்கள், இருவருக்கும் 28 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் குடியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. மற்றவர் இன்று காலையிலும் குடித்திருக்கிறார், முன்பு ஒருமுறை நிறுத்தியபோது அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. முதலாமவர் வித்ட்ராயலைத் தாண்டிவிட்டவர், மற்றது சரியாக இருந்தால் வெளிநோயாளியாகவே பார்க்கலாம். இரண்டாமவருக்கு இன்று இரவே படுக்கை வேண்டும். தாளில் இருவரும் ஒன்றுதான்.

நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். டெலிரியம் ட்ரெமென்ஸ் எனப்படும் பிதற்றல் நிலை அதற்கும் பிறகு, பொதுவாக 48 முதல் 96 மணி நேரத்தில் வரும். அது உயிரையே எடுக்கக்கூடியது. நம் முன்னால் உட்காரும்போது இதில் எதுவுமே தெரியாமல் இருக்கலாம்.

நாங்கள் தவறியது இங்கேதான். ஒருநாள் மாலை ஒருவர் அமைதியாக வந்து உட்கார்ந்தார். வித்ட்ராயலை அளக்கும் சி.ஐ.டபிள்யூ.ஏ. அளவுகோலில் மொத்தம் 67 மதிப்பெண், அவருக்கு மிகக் குறைவாகவே வந்தது. இரத்தத்தில் மது இன்னும் இருந்ததால்தான் அப்படி. அந்த அளவுகோல் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும், நாளை வரப்போவதைச் சொல்லாது. இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் இரவு வலிப்பு வந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டார். அதற்கு முன் இரண்டு முறை அதேபோல் வந்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் கேட்கவே இல்லை.

மதிப்பெண் என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கடுமையான வித்ட்ராயலை முன்கூட்டியே கணிக்கும் பாஸ் அளவுகோலும் 10 கேள்வித் தாள்தான், 4 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனம் என்கிறது. ஆனால் முன்பு வலிப்பு வந்ததா, பிதற்றல் வந்ததா என்று அது கேட்கிறது. அந்தக் கேள்வி முதல் பரிமாணத்தில் தானாகவே வந்துவிடும்.

ஓபியாய்டு என்றால் கணக்கு தலைகீழ். அதன் வித்ட்ராயல் படாதபாடு படுத்தும், ஆனால் உயிரை எடுப்பது அரிது. ஆபத்து அதற்குப் பிறகுதான். சில வாரம் உள்ளே இருந்து வெளியே போனவரின் உடல் பழைய அளவைத் தாங்காது, அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். அசிஸ்டில் அதிக ஆபத்தைக் காட்டும் 27 வந்துவிட்டது, சேர்த்துவிடுவோம் என்பது இவர் விஷயத்தில் போதாது. ஓபியாய்டு சார்புநிலைக்குக் கொடுக்கும் மருந்துகளான பியூப்ரனார்ஃபின் அல்லது மெத்தடோன் தொடங்குவோமா, வெளியே போன பிறகும் அது தொடருமா என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பரிமாண முறைக்குச் சிரமங்கள் உண்டு. எங்களுக்கு ஒரு நேர்காணல் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஒரே நோயாளியைப் பற்றி நானும் சக கவுன்சிலரும் வேறு வேறு முடிவுக்கு வந்ததும் உண்டு. போதையில் இருப்பவரிடம் ஆறையும் கேட்க முடியாது. முதல் இரண்டை மட்டும் உடனே பார்த்துவிட்டு மற்றதை மறுநாளைக்கு வைத்துக்கொள்கிறோம். அப்புறம், என் அனுபவம் பெரும்பாலும் மதுவோடுதான். பதின்வயதினரையும், தூக்க மாத்திரையும் மதுவும் கலந்து எடுப்பவர்களையும் நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். அவர்கள் விஷயத்தில் என் பேச்சைவிட மருத்துவரின் முடிவைக் கேளுங்கள்.

இப்போது எங்கள் படிவத்தின் முதல் வரி ‘கடைசியாக எடுத்தது எப்போது?’ என்பது. இரண்டாவது, ‘முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது?’. நோயாளி சம்மதித்தால் கூட வந்தவரிடமும் இந்த இரண்டையும் கேட்கிறோம். தனக்கு வலிப்பு வந்தது பலருக்கு நினைவிருப்பதில்லை. அன்று மாலை வந்தவரின் மனைவி, முந்தைய இரண்டு முறையும் பக்கத்திலேயே இருந்தவர், நாங்கள் பேசி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.