கமினோ பாதையின் மஞ்சள் அம்புகள்: நடந்து பார்த்த ஒருவரின் மதிப்பீடு

ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா நகரில் உள்ள புனித யாக்கோபு பேராலயத்துக்கு இட்டுச் செல்லும் கமினோ என்னும் யாத்திரைப் பாதைகளுள் பிரெஞ்சு வழியில்தான் கூட்டம் அதிகம். பிரான்சின் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் தொடங்கி ஏறக்குறைய 780 கி.மீ. நீளும் அந்த வழியில், கலீசியா மாநிலத்தின் வாயிலான ஓ செப்ரெய்ரோ என்னும் மலையூரிலிருந்து பேராலயம் வரையிலான கடைசி 160 கி.மீ. தொலைவைச் சென்ற அக்டோபரில் எட்டு நாள்களில் நடந்து முடித்தேன். தங்குமிடங்களைப் பற்றியும் உணவைப் பற்றியும் எழுதப் பலர் இருப்பதால், வழிக்குறிகளையும் அவற்றின் பராமரிப்பையும் மட்டும் இங்கே எழுதுகிறேன். மொழி தெரியாத நாட்டில் தனியாக நடப்பவருக்குச் சோற்றுக்கு முன்னால் தேவைப்படுவது வழி.

வேளாங்கண்ணிக்குப் பலமுறை நடந்து போனவன் நான். ஆவணித் திருவிழா நாள்களில் அங்கே முன்னால் போகும் காவி உடைக் கூட்டமே வழிகாட்டி என்பதால், பலகையைத் தேடும் தேவை எனக்கு ஒருமுறையும் ஏற்பட்டதில்லை. கமினோவில் மணிக்கணக்காக ஆளே தென்படாத காட்டு வழிகள் உண்டு. அங்கே நம்முடன் பேசுவது மஞ்சள் அம்புக்குறி ஒன்றுதான்.

அந்த அம்பைப் பாதை நெடுகிலும் பரப்பியவர் ஓ செப்ரெய்ரோ ஊரின் பங்குத்தந்தையாக இருந்த எலியாஸ் வலின்யா. யாத்திரை ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த காலத்தில், 1984ஆம் ஆண்டு, சாலைக்கோடு போட்டு மிஞ்சிய மஞ்சள் வண்ணத்தைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு மரங்களிலும் பாறைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் அவர் அம்பு வரைந்துகொண்டே போனார் என்று சொல்கிறார்கள். 1989இல் மறைந்த அவருக்கு ஊர்க் கோயிலின் அருகே மார்பளவுச் சிலை இருக்கிறது. நடையை அங்கிருந்து தொடங்கியது என் பாக்கியம்.

கலீசியாவில் அம்புகளோடு இடுப்பளவுக் கல்தூண்களும் நிற்கின்றன. தூணின் மேற்பகுதியில் நீலப் பின்னணியில் யாத்திரையின் சின்னமான மஞ்சள் சிப்பி, அதன் கீழே அம்பு, அதற்கும் கீழே சாந்தியாகோவுக்கு எஞ்சிய தொலைவு என்பது அமைப்பு. தொலைவை மூன்று தசம இடம் வரை எழுதியிருக்கிறார்கள். தசமப் புள்ளிக்குப் பதிலாக அவர்கள் இடுவது காற்புள்ளி என்பதால், 72,418 என்பதை எழுபத்திரண்டாயிரம் என்று வாசித்துத் திகைக்க வேண்டாம், அது 72 கி.மீ. 418 மீட்டர். கால் ஓய்ந்த பிற்பகலில் அந்த எண் ஒவ்வொரு தூணிலும் குறைந்துகொண்டே வருவது தருகிற தெம்பு பெரிது. பாதை இரண்டாகப் பிரியும் இடங்களில் முதன்மை வழியின் தூணில் தொலைவும், துணை வழியின் தூணில் 'கொம்ப்ளெமெந்தாரியோ' என்ற சொல்லும் இருக்கும். இந்தச் சொல்லை முன்கூட்டியே அறிந்திருந்தால் குழப்பமே வராது. சிப்பியின் கோடுகள் குவியும் முனையைத் திசையாகக் கொள்ளும் வழக்கம் அஸ்தூரியாஸ் மாநிலத்துக்கு உரியது. அதைக் கலீசியாவில் நம்பாமல் அம்பை மட்டும் பாருங்கள்.

பராமரிப்பில்தான் எனக்கு மனக்குறை. போர்த்தொமரீன் ஊரைத் தாண்டிய பகுதியில் பல தூண்களில் தொலைவுத் தகடு இல்லை. ஒன்றன் அருகே குனிந்து பார்த்தேன்: தகடு இருந்த இடத்தில் செவ்வகமாக ஒரு வெளிறிய தடம், ஓரத்தில் நெம்பிய கீறல், நடுவே யாரோ பேனாவால் எழுதிவிட்டுப் போன ஓர் எண். நினைவுப் பொருளாக வேண்டும் என்று யாத்திரிகர்களே பெயர்த்துச் செல்கிறார்கள். தூண்களின் தலையில் கூழாங்கற்களைக் குவிப்பதையாவது வேண்டுதல் என்று ஏற்கலாம். பின்னால் வருபவரின் வழியைத் திருடுவது எந்த வேண்டுதலிலும் சேராது. 2024இல் மட்டும் ஐந்து லட்சத்தை நெருங்கிய எண்ணிக்கையில் யாத்திரைச் சான்றிதழ் பெற்றார்கள். சான்றிதழுக்குக் கடைசி 100 கி.மீ. நடந்தால் போதும் என்பதால், 115 கி.மீ. தொலைவில் உள்ள சாரியாவில் தொடங்குவோரே அதிகம். ஆகவே இந்தக் கடைசிப் பகுதியின் தேய்மானமும் மிகுதி. கழிப்பறைகள் போதாமல் புதரோரங்களில் காகிதம் சிதறிக் கிடப்பதும் அதன் விளைவே.

இன்னொரு தொல்லை, கடைக்காரர்களின் அம்பு. ஐந்தாம் நாள் ஒரு பிரிவில், தூணில் நேராகப் போகச் சொல்லும் அம்பு மங்கியிருக்க, பக்கத்துச் சுவரில் புத்தம்புது மஞ்சள் அம்பு இடப்பக்கம் காட்டியது. அதை நம்பி இரண்டு கி.மீ. நடந்து போய்ச் சேர்ந்தது ஒரு விடுதியின் வாசல். அங்கே ஒரு காபி குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன். அந்த நிறமும் அந்த வடிவமும் வழிக்கு மட்டுமே உரியவை என்று உறுதியாகக் காக்காவிட்டால், வலின்யா ஊட்டிய நம்பிக்கை கரைந்துபோகும்.

மறுநாளே மெலிதேக்கு அப்பால் ஒரு சிற்றூரில், முதியவர் ஒருவர் தம் தானியக் களஞ்சியத்தின் சுவரில் இருந்த அம்புக்கு மேல்பூச்சு பூசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். ஆண்டுக்காண்டு பூசிய வண்ணம் விரல் நகத்தின் கனத்துக்கு ஏறி, அந்த அம்பு சுவரைவிட்டுப் புடைத்து நின்றது. வண்ணம் யார் தருகிறார்கள் என்று சைகையால் கேட்டேன். அவர் தம் வீட்டையே காட்டினார். கமினோ நண்பர் சங்கங்களின் தொண்டர்களும் இவரைப் போன்றவர்களும் தூரிகை எடுப்பதால்தான், தகடு போன இடங்களிலும் வழி போகாமல் இருக்கிறது.

என் கணிப்பில், திசை காட்டுவதில் இந்தப் பாதைக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன், பராமரிப்புக்கு ஆறுதான். போகிறவர்கள் அக்டோபரைத் தேர்ந்தெடுத்தால், கலீசியாவில் அப்போது பொழுது விடியக் காலை எட்டரை மணி ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். நான் பார்த்த அம்புகள் எவையும் இருளில் ஒளிர்பவை அல்ல. தலைவிளக்கோடு ஆறு மணிக்கே கிளம்பியவர்கள் ஓக் மரக் காட்டுக்குள் தடம் தேடி நின்றதைப் பார்த்தேன். சாந்தியாகோவின் பழைய நகருக்குள் நுழைந்ததும் அம்புகள் அருகிவிடுகின்றன. அங்கே தயங்காமல் யாரிடமாவது 'கத்தெத்ரால்' (பேராலயம்) என்று கேளுங்கள், கை நீட்டிக் காட்டுவார்கள்.