கொழும்பு வெள்ளவத்தை பார்சல் கடை ரிவ்யூ: ஒடியல் மாவை மணந்து பாத்த பொடியனுக்கு 5க்கு 4

முதல்லயே சொல்லிடுறன், கடைட பேர் போடேல்ல, ஏனெண்டா கொஞ்சம் திட்டப் போறன், அதுக்காக அவையின்ர யாவாரத்தைக் கெடுக்கிற எண்ணமும் இல்லை. காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற லேன் முடக்கில, கீழ சேலைக் கடை, மேல பார்சல் அனுப்புற இடம், வாசல்ல லண்டன் கனடா பிரான்ஸ் சுவிஸ் எண்டு கொடியெல்லாம் ஒட்டியிருக்கும். இதே மாதிரி வெள்ளவத்தையில எத்தினை கடை இருக்கெண்டு உங்களுக்கே தெரியும், அதில ஒண்டு.

விசயம் என்னெண்டா லண்டன்ல ஹரோவில இருக்கிற சித்திக்கு பொங்கலுக்கு முன்னம் ஒரு பெட்டி போய்ச் சேரோணும். உள்ள என்ன எண்டா வழமையான சாமான்தான், வீட்டில வறுத்து மில்லில குடுத்து அரைச்ச தூள் 3 கிலோ, ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, மோர் மிளகாய், முருங்கையிலைப் பொடி, அதோட சித்தி ஆசையாக் கேட்ட ஒரு லேகியம், கடைசியா அவட காலெரிவுக்கு மூண்டு கார்ட் குளிசை. எல்லாத்தையும் நல்ல பிள்ளை மாதிரி பொலித்தீன் பையில போட்டு ரப்பர் பாண்ட் சுத்தி, பெட்டிக்கு டேப்பும் அடிச்சுக் கொண்டு போனன்.

போன உடன கவுன்டர்ல நிண்ட பொடியன் செய்த முதல் வேலை என்ர டேப்பை வெட்டினது. "அக்கா, எல்லாம் வெளிய எடுக்கோணும்." சனிக்கிழமை பின்னேரம், பின்னால ஏழெட்டுப் பேர் கியூவில, நான் என்ர குடும்பத்து ரகசியத் தூளை எல்லாம் மேசையில பரப்பிக்கொண்டு நிக்கிறன். ஒடியல் மாப் பையைத் தூக்கினான். "இது என்ன?" எண்டான். "ஒடியல் மா தம்பி." "லேபல் இல்லையே?" "ஒடியல் மாவுக்கு ஆர் தம்பி லேபல் அடிப்பினம், அம்மம்மா இடிச்சது." அவன் சிரிக்கவே இல்லை, பையைக் கொஞ்சம் திறந்து மணந்து பாத்தான், பின்னால நிண்ட சனம் சிரிச்சது. எனக்கு அவமானமாப் போச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா அதை ஸ்கேனர்ல பாக்கிற வெள்ளைக்காரனுக்கு அது பேர் இல்லாத ஒரு கிலோ தூள், அவ்வளவுதான். அவனுக்கு எங்க ஒடியல் கூழ் தெரியும்.

லேகியத்தைத் திறந்தே பாக்கேல்ல, தள்ளி வைச்சிட்டான். நான் வாங்கின இடத்தில போத்தல்ல பேர் மட்டும்தான் இருந்தது, உள்ள என்ன போட்டிருக்கெண்டு ஒரு வரி இல்லை. இஞ்ச மதன மோதகம் எண்டு ஒண்டு விக்கிறது தெரியும்தானே, கஞ்சா சேருற சாமான், பள்ளிக்கூடத்துப் பக்கம் எல்லாம் பிடிபட்டு நியூஸ்ல வந்தது. அப்ப லேகியம் எண்டாலே பார்சல்காரனுக்குப் பயம். சரி, அதையும் விடுங்கோ.

குளிசையிலதான் சண்டை வந்தது. பிரிகபலின். சித்திக்கு சீனி வருத்தம், காலெல்லாம் நெருப்பு மாதிரி எரியும், போன முறை இஞ்ச வந்து நிக்கேக்க டொக்டர் எழுதிக் குடுத்து நல்ல சுகமா இருந்தது, அங்க அப்பொயின்ட்மென்ட் கிடைக்க நாளாகுது எண்டு என்னட்டக் கேட்டவ. பொடியன் கார்ட்டைத் திருப்பிப் பேரை வாசிச்சான், திருப்பி என்ர கையில வைச்சான். "இது ஏலாது அக்கா." ஏன் எண்டு கேட்டா பதில் இல்லை. சீட்டு இருக்கு, பில் இருக்கு, பாமசியில ஒழுங்கா வாங்கினது எண்டு நான் கத்த, முதலாளி உள்ளுக்க இருந்து எட்டிப் பாத்து "ரூல்ஸ் தங்கச்சி" எண்டிட்டு திரும்ப போனில கதைக்கத் தொடங்கிட்டார். ரூல்ஸ் எண்டா என்ன ரூல்ஸ், ஆற்ற ரூல்ஸ், எங்க எழுதிக் கிடக்கு? சுவரில ஒரு லிஸ்ட் இல்லை. ஒரு ஸ்டார் இந்த இடத்தில போச்சு.

இதில வெக்கம் என்னெண்டா நான் வேலை செய்யிறது கொழும்பு கோட்டையில ஒரு ஷிப்பிங் ஒபிஸில, டொகியுமென்டேஷன் பக்கம். நாள் முழுக்க மற்றவன்ர கொண்டெய்னருக்குள்ள என்ன இருக்கெண்டு டைப் அடிக்கிற எனக்கு என்ர பெட்டிக்கு ஒரு லிஸ்ட் எழுதத் தோணேல்ல. 2016 டிசம்பர்ல எங்கட துறைமுகத்தில ஈக்குவடோரில இருந்து இந்தியாவுக்குப் போற மரக் கொண்டெய்னருக்குள்ள கொக்கேயின் பிடிபட்டது ஞாபகம் இருக்கோ, 900 கிலோவுக்கு மேல, பிறகு 2018 ஜனவரியில கட்டுநாயக்கவில வைச்சு எல்லாருக்கும் முன்னால அழிச்சவை. பேப்பர்ல மரம்தான். எங்கட ஊர் சாமானும் இல்லை, எங்கட ஊருக்கு வந்த சாமானும் இல்லை, கப்பல் மாத்துற இடம் எண்டதால இஞ்ச வந்து நிண்டது. கொழும்பு எண்டா அப்பிடித்தான், உலகத்துச் சாமான் எல்லாம் ஏறி இறங்குற இடம். கொண்டெய்னர் பேப்பரைப் பாத்து எதைத் திறக்கிறது எண்டு முடிவெடுக்கிறதுக்கு ஐநாட போதைப்பொருள் அலுவலகமும் உலக சுங்க அமைப்பும் சேந்து 2004ல தொடங்கின ஒரு திட்டமே இருக்கு. உலகத்தில ஓடுற எல்லாப் பெட்டியையும் திறக்க ஆராலயும் ஏலாது, அப்ப பேப்பர்தான் கண். அதே கதைதான் என்ர 11 கிலோ பெட்டிக்கும். தபால்ல போற சாமானுக்குக்கூட 2021ல இருந்து உள்ள என்ன இருக்கெண்ட விவரத்தை முன்கூட்டியே கம்பியூட்டர்ல அங்கால அனுப்போணும் எண்டு உலக தபால் சங்கம் வைச்சிருக்கு.

வீட்ட வந்து கோவம் ஆறின பிறகு பிரிகபலினைத் தேடிப் பாத்தன். பிரித்தானியாவில 2019 ஏப்ரல்ல இருந்து அது கட்டுப்படுத்தின மருந்து, சி வகுப்பு, லைசன்ஸ் இல்லாமப் பெட்டியில போட்டு அனுப்ப ஏலாது. ஆள் தன்ர மருந்தைத் தன்ர கையில டொக்டர்ட கடிதத்தோட 3 மாசத்துக்குள்ளான அளவு கொண்டு போனா அது வேற. பகிடி என்னெண்டா இந்த மருந்து சர்வதேசப் பட்டியல் ஒண்டிலயும் இல்லை. ஐநாட போதைப்பொருள் ஒப்பந்தம் மூண்டு, 1961 ஒப்பந்தத்தில அபின், கொக்கேயின், கஞ்சா. 1971ல ஐஸ் எண்டுற மெத் மாதிரி மூளையில வேலை செய்யிற சாமான். 1988ல கடத்தலைப் பிடிக்கிறதும், ஹெரோயின் ஐஸ் செய்யப் பாவிக்கிற கெமிக்கல்களும். இந்த மூண்டுக்குள்ளயும் பிரிகபலின் இல்லை, அப்ப ஒவ்வொரு நாடும் தன்ர தன்ர பாட்டில சட்டம் போடுது, இஞ்ச சீட்டோட வாங்கிற குளிசை அங்க கட்டுப்பாட்டு மருந்து. இதுக்கிடையில இஞ்ச பொடியள் அதே கப்சியூலை போதைக்குப் போட்டு ஆயிரக் கணக்கில பிடிபடுது. வருத்தக்காரியும் போதைக்காரனும் ஒரே கியூவில. 1961 ஒப்பந்தத்தின்ர முகவுரையிலயே வலியைத் தீர்க்க அந்தப் பட்டியல் மருந்துகள் இல்லாம ஏலாது, அதுக்குக் கிடைக்கப் பண்ணோணும் எண்டுதான் எழுதியிருக்கு. வியன்னாவில சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபை எண்டு 13 பேர் இருக்கிற சபை ஒண்டு, 1968ல இருந்து, அவையின்ர வேலை தடுக்கிறது மட்டும் இல்லை, மருந்து தேவையானவனுக்குப் போய்ச் சேருதா எண்டு பாக்கிறதும்தான். வெள்ளவத்தைக் கவுன்டருக்கு அதில முதல் பாதி மட்டும்தான் வந்து சேந்திருக்கு.

இன்னொரு விசயத்தில நான் பொடியன்ர பக்கம். அவன் என்ர ஐசிட, அதான் அடையாள அட்டையின்ர, ரெண்டு பக்கமும் கேட்டான், சித்திட முழுப் பேர், வீட்டு நம்பர், போன் நம்பர், உறவு முறை எல்லாம் கேட்டான், எனக்கு அப்ப எரிச்சல். ஆனா கன்ட்ரோல்ட் டெலிவரி எண்டு ஒண்டு இருக்கு, பார்சலுக்குள்ள போதைச் சாமான் கிடக்கெண்டு தெரிஞ்சும் உடன பிடிக்காம விட்டு, ரெண்டு நாட்டு பொலிசும் கதைச்சு, அங்க ஆர் வந்து வாங்கினம் எண்டு பாத்துப் பிடிக்கிறது. 1988 ஒப்பந்தத்தின்ர 11ஆம் பிரிவு. இலங்கையில அந்த ஒப்பந்தத்துக்கான சட்டம் 2008ல 1ஆம் இலக்கச் சட்டமா வந்தது. இப்ப சொல்லுங்கோ, என்ர பேரில வேற ஆரும் ஒரு பெட்டியைப் போட்டா? இஞ்ச ஹெரோயின் 2 கிராம் தாண்டினாலே மரண தண்டனை இல்லாட்டி ஆயுள் எண்டு சட்டம் கிடக்கு, 1976க்குப் பிறகு ஆரையும் தூக்கில போடேல்ல எண்டாலும் சட்டம் கிடக்கு, 2022ல ஐசையும் 5 கிராம் எண்டு அதுக்குள்ள சேத்திட்டினம். ஐசி கேக்காம வாங்கிற கடைக்கு நீங்கள் போனா அவன் நல்லவன் எண்டு நினைக்காதேங்கோ. கட்டுநாயக்க எயார்போட்டில "அக்கா இந்தச் சின்னப் பார்சலை அங்க ஒராள் வந்து வாங்குவார்" எண்டு கேக்கிறவைக்கும் இதேதான். 2025 மே மாசம் பாங்கொக்கில இருந்து வந்த ஒரு பிரித்தானியப் பிள்ளையின்ர சூட்கேசில 46 கிலோ குஷ், அதான் ஒரு வகைக் கஞ்சா, தனக்குத் தெரியாது எண்டு அவ சொன்னவ.

ஐசியை தன்ர சொந்த போனில படம் எடுத்தது மட்டும் எனக்குப் பிடிக்கேல்ல. ஒரு ஸ்கேனர் வாங்கி வைக்கட்டும், காசு வாங்கினம்தானே.

எங்கட அப்பாட காலத்து ஆக்களுக்குக் கொழும்பு பிளான் எண்டா ஸ்கொலர்ஷிப். எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. இந்தப் பெட்டிக் கதைக்குப் பிறகுதான் பாத்தன், நாடுகள் ஒண்டுக்கொண்டு உதவ எண்டு 1951ல தொடங்கின அந்தக் கொழும்பு பிளானுக்குள்ள 1973ல இருந்து போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் எண்டு ஒண்டு ஓடுது, தலைமையகம் இஞ்ச எங்கட கொழும்பிலயே, வேற வேற நாட்டு ஆக்களுக்கு போதைக்கு அடிமையானவையை எப்பிடிக் கவுன்சிலிங் பண்ணுறது எண்டு பயிற்சி குடுக்கினம். சார்க் நாடுகள் போதைக் குற்றத் தகவலைப் பகிர்ந்துகொள்ள 1992ல வைச்ச டெஸ்க்கும் இஞ்சதான். இவ்வளவும் பஸ் ஏறிப் போற தூரத்தில கிடக்க, என்ன குளிசை அனுப்பலாம் அனுப்ப ஏலாது எண்டு தமிழ்ல ஒரு ஏ4 தாள் அடிச்சு ஒட்ட ஒரு கடைக்கு ஏலாமக் கிடக்கு. அந்தத் தாளை நானே அடிச்சுக் குடுப்பன், கேட்டா.

ரெண்டாந்தரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலமை போனன், கூட்டம் இல்லை, நீங்களும் அப்பிடியே போங்கோ. இந்த முறை ஒவ்வொரு பையிலயும் லேபல், இங்கிலிஷ்ல என்ன சாமான் எத்தினை கிராம், உள்ள சேந்தது என்ன எண்டு, தூளுக்கு மல்லி மிளகாய் மிளகு எண்டு ஒண்டொண்டா. ஒடியல் மாவுக்கு பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்ச மா எண்டு எழுத வேண்டிக் கிடந்தது, அம்மம்மா கேட்டிருந்தா சிரிச்சிருப்பா. லேகியமும் குளிசையும் வீட்டில. பொடியன் லிஸ்டைப் பாத்து "இப்பிடித்தான் அக்கா" எண்டான், முதல் தரமா சிரிச்சான்.

பக்கத்தில ஒரு அன்ரி துபாய்க்கு மகளுக்கு அனுப்ப வந்து நிண்டவ. அவட பெட்டியில கசகசா எண்டு கையால எழுதின ஒரு பக்கெட். பொடியன் கேட்டான், "அன்ரி, இது ஃபலூடாவுக்குப் போடுற கசகசாவா, குருமாவுக்குப் போடுறதா?" அன்ரிக்கு விளங்கேல்ல. எனக்கு விளங்கினது, எழும்பிக் கை தட்டலாம் போல இருந்தது. இஞ்ச நாங்கள் கசகசா எண்டு சர்பத்துக்குப் போடுறது ஒரு துளசி விதை, கறுப்பா இருக்கும், தண்ணியில ஊதும். இந்தியாவில கசகசா எண்டா அபின் செடியின்ர விதை, வெள்ளை. ரெண்டாவதை துபாய்க்குள்ள கொண்டு போகவே ஏலாது, சிங்கப்பூரிலயும் அப்பிடித்தான். அன்ரிடது கறுப்புத்தான், ஆனா பேர் பேர்தானே, அங்க கஸ்டம்ஸ்ல இருக்கிற மலையாளத்தானோ ஆரோ அதை வாசிச்சா முதல்ல குருமாவைத்தான் நினைப்பான். அன்ரி கத்தத் தொடங்க, நான்தான் பக்கத்தில இருந்து விளங்கப்படுத்தினன். பொடியன் எடுத்து வைச்சிட்டான், திரும்பவும் ஏன் எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்ல. தெரிஞ்சிருக்கிறான், வாய்தான் வராது.

காசு, 11 கிலோவுக்கு 22 ஆயிரம் சொச்சம், வீட்டு வாசல் வரைக்கும். டேப்புக்கும் பெட்டிக்கும் தனியாக் காசு, அது கொஞ்சம் அநியாயம். தராசு எங்களுக்கு நேர திருப்பி வைச்சிருக்கு, அது நல்லம். எட்டு நாளில போய்ச் சேந்தது. அங்க திறந்து பாத்து வேற டேப் அடிச்சு விட்டிருக்கினம், ஒண்டும் எடுக்கேல்ல, புழுக்கொடியல் மட்டும் நொறுங்கிப் போச்சாம். குளிசைக்கு சித்தி தன்ர ஜிபி, அதான் அங்கத்த குடும்ப டொக்டரிட்டயே நிண்டு எழுதுவிச்சு எடுத்திட்டா, ஒண்டரைக் கிழமை பிந்தினது.

போற ஆக்கள் ஓட்டோவில போங்கோ, வாகனம் விட இடமே இல்லை. தூள் சாமானுக்கு லேபல், ஐசி கொப்பி, மருந்து எண்டா அனுப்ப முன்னம் அந்த நாட்டு ரூலை நீங்களே பாருங்கோ, கடையில கேட்டா "ரூல்ஸ் தங்கச்சி"தான் வரும்.

நேற்று சித்தி கூழ் காய்ச்சிப் படம் அனுப்பினவ. நண்டும் றாலும் ஃப்ரோசனாம், ஆனா மா மணக்குதாம்.