மனப்பாடமா, குடும்ப ஜெபமா, பேச்சா?

“உம்முடைய மாமா பரிசுத்தப்படுவதாக.” இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தில் வரும் “நாமம்” என்ற வார்த்தையை என் மகன் ஏறக்குறைய ஒரு வருடம் இப்படித்தான் சொல்லியிருக்கிறான். ஒரே மூச்சில் கடகடவென்று ஒப்பிப்பதால் எங்கள் காதில் விழவே இல்லை. “எந்த மாமாப்பா அது?” என்று அவனே ஒருநாள் கேட்டபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகளுக்கு விசுவாசத்தை வீட்டில் சொல்லிக்கொடுக்க மனப்பாடம், குடும்ப ஜெபம், பேச்சு என்று மூன்று வழிகள் உண்டு; எதற்கு முதலிடம் என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தேன்.

மாமா கதையைச் சொன்னால் சிலர் உடனே, மனப்பாடமே வேண்டாம், அது கிளிப்பிள்ளைப் பாடம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-ல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் வடிவ விசுவாசப் பாடநூலை எழுதியதே, சபைகளைச் சுற்றிப் பார்த்தபோது ஜனங்களுக்குப் பத்துக் கட்டளைகள்கூடத் தெரியவில்லை என்ற அதிர்ச்சியில்தான். குடும்பத்தலைவன் வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதியது அது. முதலில் வார்த்தையை மனதில் ஏற்று, அப்புறம் அர்த்தம் சொல்லு என்பது அவர் வைத்த வரிசை; அதனால்தான் அந்தப் புத்தகம் முழுக்க “இதற்கு அர்த்தம் என்ன?” என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நாம் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு மனப்பாடத்தைக் குறை சொல்கிறோம். 1647-ல் வந்த, அதே மாதிரியான இன்னொரு பாடநூல் வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடை; அதில் 107 கேள்விகள். அத்தனையும் ஒப்பிக்கிற பிள்ளையிடம் ஒரு கேள்விக்காவது “சரி, உன் வார்த்தையில் சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து குடும்ப ஜெபம். இதன் பலம் எளிமையானது: அப்பாவும் அம்மாவும் முழங்கால் போடுவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. ஆனால் நாலு வயதுக்கும் பதிமூன்று வயதுக்கும் ஒரே நீளத்தில் நடத்தினால் ஒன்று தூங்கும், இன்னொன்று சுவரைப் பார்க்கும். அதைவிட மோசமானது, நானே செய்த தப்பு. “ஆண்டவரே, இவன் பொய் சொல்லாதபடி, தங்கச்சியை அடிக்காதபடி கிருபை தாரும்” என்று ஜெபிப்பது. ஆண்டவர் பெயரைப் போட்டு அப்பா தன்னைத்தான் திட்டுகிறார் என்பது பிள்ளைக்கு நன்றாகவே புரியும். பத்து நிமிடத்தோடு முடித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஞாயிறு பள்ளி இருக்கிறதே என்றால், இருக்கட்டும், வாரத்துக்கு ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை நம்மோடுதான்.

கடைசியாகப் பேச்சு. வேதாகமத்தில் உபாகமம் 6:7, தேவனுடைய கட்டளைகளைப் பற்றிப் பிள்ளைகளோடு வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பேசு என்கிறது. வகுப்பு நடத்து என்று சொல்லவில்லை. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பஸ்கா விருந்தில் வழக்கமாக வீட்டின் கடைக்குட்டிதான் கேள்வி கேட்கும், விடுதலையின் கதை அதற்குப் பதிலாகத்தான் வரும். மெத்தடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா வெஸ்லி, வீடு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டும் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரியவரான பிறகும் அந்த வியாழக்கிழமை நேரத்தை நினைவுகூர்ந்து ஜான் வெஸ்லி அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பத்தோடு பதினொன்றாக உட்கார்ந்த ஜெபத்துக்கு அந்த ஏக்கம் வருமா என்பது சந்தேகம்தான்.

ஆனால் பேச்சுக்கு நேரம் காலம் கிடையாது, நாம் களைத்து விழும் நேரத்தில்தான் பிள்ளைக்குச் சந்தேகம் வரும், “எனக்கே தெரியலடா, பார்த்துச் சொல்றேன்” என்று சொல்லவும் மனசு வரவேண்டும். அதோடு, மனதில் ஒரு வசனமும் இல்லாத பிள்ளையோடு பேச ஆரம்பித்தால், பேச்சு “நல்ல பிள்ளையா இரு” என்பதிலேயே போய் நின்றுவிடும்.

அதனால் என் வரிசை இது: பேச்சு முதலில், அதற்குச் சரக்காக மனப்பாடம், குடும்ப ஜெபம் சுருக்கமாக. ஏழு வயதுக்குள் என்றால் மனப்பாடத்தை முன்னால் தள்ளலாம், அந்த வயதில் ஒட்டிக்கொள்வது பிறகு லேசில் போகாது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். நாமம் என்றால் பெயர் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பேர் எப்படிப்பா அழுக்காகும், பரிசுத்தம் பண்றதுக்கு?” என்றான். பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.