அம்பாசிடர் மார்க் 4 எஞ்சின் வேலை: இழுவை வந்தது, ஆயில் ஒழுக்கு நிற்கவில்லை

மார்க் 4 அம்பாசிடர் ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கும் நண்பர், "உங்கள் வண்டிக்குச் செய்ததைப் போலவே நானும் எஞ்சினைப் பிரித்து வேலை செய்யட்டுமா? அதிகச் செலவில்லாமல் இழுவை கூடுமா?" என்று கேட்டார். கூடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் என் பதில் அவர் எதிர்பார்ப்பது அல்ல.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். முன்பெல்லாம் நான்கு பேரை ஏற்றிக்கொண்டால் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு போகும். பாதி மலையில் ரேடியேட்டர் கொதிக்கும். இப்போது வளைவைத் திரும்பியதும் மூன்றாவது கியருக்கு மாற்றிவிடலாம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கக்கூட வேண்டியதில்லை, அடியிலிருந்தே இழுக்கிறது. அந்த ஏற்றத்தில் இந்த வண்டியை ஓட்டும் இன்பத்தை எந்தப் புதுக் காரும் எனக்குத் தந்ததில்லை.

இந்த இழுவை எங்கிருந்து வந்தது? பலரும் போரிங்கிலிருந்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவதிலிருந்து, என்று நினைக்கிறார்கள். இல்லை. நாற்பது ஓவர்சைஸ் பிஸ்டன் (விட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு கூடியது) போட்டால் 1489 சிசி ஏறத்தாழ 1531 ஆகும், அவ்வளவுதான். உண்மையான ஆதாயம் கம்ப்ரஷனில், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவில், இருக்கிறது. நம் ஊர்ப் பெட்ரோலின் ஆக்டேன் குறைவாக இருந்த காலத்துக்காக இந்த எஞ்சினுக்கு வைத்த விகிதம் 7.2. அதாவது ஒரு சிலிண்டரின் 372 சிசி காற்று, மேலே சுமார் 60 சிசி இடத்துக்குள் அமுங்குகிறது. போரிங் மட்டும் செய்தால் விகிதம் 7.4-ஐத்தான் தொடும். ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடியை) சீவி அந்த இடத்தை 52 சிசிக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 8.4 கிடைக்கும். இன்றைய சாதாரணப் பெட்ரோலே இதற்குப் போதும். தீப்பொறி விழும் டைமிங்கைக் கவனமாக வைத்தால் நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது) இல்லை. சீவுவதற்கு முன்பும் பின்பும் நான்கு அறைகளையும் ஊசிக் குழாயால் எண்ணெய் விட்டு அளக்க வேண்டும். பட்டறையில் "கண்ணாலேயே தெரியும் சார்" என்பார்கள். அதை ஏற்காதீர்கள்.

இதே 1489 சிசி எஞ்சின்தான் 1955-ல் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டருடன் 68 குதிரைத்திறனும், பிறகு 72-ம் கொடுத்தது. ஆகவே இரும்பில் குறையில்லை. இரட்டை எஸ்.யூ. வாங்க என் கையில் பணமில்லை. இருந்த சோலெக்ஸ் கார்புரேட்டரிலேயே பெட்ரோல் வரும் ஜெட்டை மட்டும் பெரிதாக்கினோம். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டை மாற்றச் சொன்னவர்கள் பலர். நான் மறுத்தேன். இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் வழிகள். 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும்போது இரண்டாம் சிலிண்டரும் ஒன்றாம் சிலிண்டரும் அடுத்தடுத்து ஒரே வழியில் மூச்சு இழுக்கின்றன. மூன்றும் நான்கும் அப்படியே. வால்வு நீண்ட நேரம் திறந்திருக்கும் கேம் போட்டால் ஒன்றின் பங்கை மற்றது பறிக்கும், ஐடிலிங் கெடும். அந்தப் பணத்தை உள்ளூர் வெல்டர் வளைத்துத் தந்த மூன்று குழாய் எக்ஸாஸ்டுக்கும், வால்வு வந்து உட்காரும் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளுக்கும் போட்டேன். 2000-ல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய சீட்டோடு வேகமாக ஓட்டினால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கிவிடும். ஹெட் கையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரமையும் மாற்றியாயிற்று.

மைலேஜ் குறையவில்லை. பிரேக் அதே டிரம் பிரேக்தான், இறக்கத்தில் கியரை நம்புங்கள்.

இனி ஒழுக்கு. கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் கோட்டர் பின் தொங்கும் சிறு துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். வேலை முடிந்து வந்த முதல் வாரத்திலிருந்து அந்தத் துளை வழியாக எஞ்சின் ஆயில் சொட்டுகிறது. போர்டிகோவில் அட்டை, அட்டை மேல் தட்டு, தட்டில் மரத்தூள். யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால் அவர்கள் வாசலில் நிறுத்த முடியவில்லை. தெருவில் விட்டுவிட்டு நடக்கிறேன். கிளட்ச் தட்டில் ஆயில் பட்டு, காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி உதறுகிறது.

நியாயமாகப் பார்த்தால் இது எஞ்சினின் பிறவிக் குணம். மூன்று மெயின் பேரிங் கொண்ட இந்த பி-சீரிஸ் எஞ்சினில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின்) பின்முனைக்கு ரப்பர் ஆயில் சீல் கிடையாது. கிராங்கிலேயே வெட்டிய சுருள் மரை, சுழலும்போது ஆயிலை உள்நோக்கித் தள்ளி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கே அனுப்புகிறது. வண்டி நின்றால் அந்த மரைக்கு வேலையில்லை. மரைக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையே இடைவெளி சற்றே கூடினாலும் ஆயில் வெளியே வரும். கம்ப்ரஷன் கூடியதால் ரிங்குகளைத் தாண்டி உள்ளே இறங்கும் வாயுவும் அழுத்தம் தருகிறது. டேப்பெட் கவரிலிருந்து இன்லெட்டுக்கு, அந்த வாயு வெளியேற, ஒரு பிரீதர் குழாய் இழுத்த பிறகு ஓடும்போது வரும் ஒழுக்கு பாதியாகக் குறைந்தது. நின்ற பின் வருவது அப்படியே இருக்கிறது.

வடிவமைப்பை மன்னிக்கிறேன். மன்னிக்க முடியாதது கிராங்க் வேலை செய்த பட்டறையை. கிராங்கை கிரைண்டிங் செய்தார்கள், புது பேரிங் போட்டார்கள். மெயின் பேரிங் வரிசை நேராக இருக்கிறதா, பின் முனையில் இடைவெளி எவ்வளவு என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்க்கவே இல்லை. "ஒரு சொட்டு வராது" என்று சொல்லிப் பணம் வாங்கியவர்கள், திரும்பிப் போனதும் "அம்பாசிடர்னா ஒழுகத்தான் சார் செய்யும்" என்றார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. இன்று காலையும் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகவே நண்பருக்கு என் தீர்ப்பு: எஞ்சினை முழுவதுமாகப் பிரிக்காதீர்கள். இழுவைதான் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் உள்ள 1800 அம்பாசிடரைத் தேடிப் பிடியுங்கள். மார்க் 4-தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், வாங்கும் முன் சூடான எஞ்சினில் ஆயில் பிரஷரைப் பாருங்கள், கோட்டர் பின் துளையைத் தொட்டுப் பாருங்கள். கீழ்ப்பகுதி சத்தமில்லாமல், காய்ந்து இருந்தால் ஹெட்டை மட்டும் இறக்கி வேலை செய்யுங்கள்; சம்ப்பின் போல்ட்டில் கை வைக்க யாரையும் விடாதீர்கள். என் வண்டியை விலைக்குக் கேட்டும் பார்த்தார். அதைத் தருவதாக இல்லை.