சென்சார் அருமை, ஒயர்தான் உயிரை வாங்குகிறது

நண்பர் காரில் செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0135 என்ற கோளாறுக் குறியீடு (கோடு). "நீங்கள் வீட்டிலேயே மாற்றினீர்களே, அதே கம்பெனி ஆக்ஸிஜன் சென்சாரை நானும் வாங்கிவிடவா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

எனக்கும் அதே கோடுதான் வந்தது. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்து, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. சென்சார் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் ஒழுங்காகப் பேசும். ஹீட்டர் போய்விட்டால் புகையின் சூட்டிலேயே அது மெதுவாகக் காய வேண்டும். அதுவரை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு குத்துமதிப்பாகத்தான் பெட்ரோல் விடும். ஆனால் கோடு வந்த உடனே சென்சார் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் கனெக்டரைக் கழற்றி ஹீட்டரின் இரண்டு ஒயர்களில் மல்டிமீட்டரை வையுங்கள். நல்ல ஹீட்டர் சில ஓம் காட்டும். என்னுடையதில் முள்ளே அசையவில்லை.

கழற்றுவது பயப்படும் அளவுக்கு இல்லை. ஒயர் நுழைவதற்காகப் பக்கத்தில் வெட்டு விட்ட 22 மி.மீ. சாக்கெட்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். துருப்பிடித்த சென்சாரில் அது வாயைப் பிளந்து நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பழசு எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது. ஒயரை வெட்டி எறிந்துவிட்டு முழு ரிங் ஸ்பேனரை மாட்டுங்கள். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து, என்ஜின் லேசாகச் சூடாக இருக்கும்போது திருகினால் அசைந்து கொடுக்கும். புதியதைப் பூட்ட அந்த வெட்டு சாக்கெட்டே போதும். மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவியே வந்திருந்தது. அது சென்சாரின் முனையில் படக் கூடாது.

பூட்டியதிலிருந்து காலையில் முதல் ஸ்டார்ட்டே வேறு மாதிரி. ஐடிலிங்கில் உதறல் இல்லை, பின்னால் பெட்ரோல் வாடையும் இல்லை. ஸ்கேனரில் பார்த்தால் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்குகிறது. விளக்கு அப்புறம் எரியவே இல்லை. சென்சாரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த ஒயர்! பழைய சென்சாரின் ஒயரில் நகக்கண் அளவுக்கு ஒரு கிளிப் இருந்தது. என்ஜின் பக்கத்துப் பிராக்கெட்டில் 'டக்' என்று உட்கார்ந்து, ஒயரை, என்ஜினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ளும். புதியதில் அந்தக் கிளிப் இல்லை. ஒயரும் தேவைக்கு மேல் நீளம். பழைய கிளிப்பை மாற்றலாம் என்றால் புதிய ஒயரின் உறை தடிமன், உள்ளே போகாது. பிளாஸ்டிக் கேபிள் டை போட்டேன், சூட்டில் காய்ந்து முறிந்தது. வேறு வகை டையும் அப்படியே. இப்போது சூடு தாங்கும் உறை சுற்றி, உலோகக் கிளாம்ப் வைத்து இழுத்துப் பிடித்திருக்கிறேன். அப்படியும் பானட்டைத் திறக்கும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. மேனிஃபோல்டில் பட்டு உறை உருகினால் ஹீட்டர் ஒயர் ஷார்ட் ஆகும், ஃபியூஸ் போகும், திரும்ப அதே பி0135 வந்து நிற்கும். இவ்வளவு நல்ல சென்சாரைச் செய்தவர்களுக்கு ஒரு கிளிப் வைக்கத் தோன்றவில்லையே என்று நினைக்கும்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். விலை கூடினாலும் ஒரிஜினலையே வாங்கி வீட்டில் பூட்டுங்கள். ஒயரை ஒட்டி இணைக்கும் யுனிவர்சல் சென்சார் பக்கமும் போக வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை ஒயர் வழியாகத்தான் எடுக்கின்றன, சால்டர் வைத்தால் அந்த வழி அடைத்துக்கொள்ளும். கடைக்குப் போகும்போது உங்கள் பழைய சென்சாரின் ஒயர் நீளத்தையும் கிளிப் இருக்கும் இடத்தையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.