ஜெட் லேக்: வெயிலா, மாத்திரையா, காபியா?

சென்னையிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கிளம்புகிறவருக்கு, நேரம் மாறிய ஊரில் தூக்கம் புரண்டுபோகும் ஜெட் லேக்கைச் சமாளிக்க அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரை வாங்கி வை என்பார் மச்சான். விமானத்தில் ஏறியதும் ஒரு அவில் மாத்திரை போட்டுக்கொள் என்பார் சித்தப்பா. “இறங்கின அன்னிக்கு ராத்திரி வரைக்கும் கண்ணை மூடாதே, எல்லாம் சரியாயிடும்” என்பார் பலமுறை போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர். மூன்றும் மூன்று வெவ்வேறு வேலை. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் புது ஊர் நேரத்துக்கு நகர்த்துவது ஒன்று. அன்றிரவு தூங்கவைப்பது ஒன்று. பகலில் விழித்திருக்கவைப்பது இன்னொன்று. இதைப் பிரித்துப் பார்க்காமல் எது நல்லது என்று கேட்டுப் பயனில்லை.

முதலில் ஒரு கணக்கு. கோடையில் கலிஃபோர்னியா நம்மைவிட 12.5 மணி நேரம் பின்னால் இருக்கிறது. நாம் வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி முன்பு, அதாவது பெரும்பாலோருக்கு விடியற்காலை 4 மணி வாக்கில், உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும். தூக்கம் ஆளை அமுக்கும் நேரமும் அதுதான். சென்னையின் அந்த 4 மணி, அங்கே முந்தைய நாள் பிற்பகல் 3:30. மதியம் வரை கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்த அப்பா மூன்றரைக்கு சோபாவில் சாய்ந்துவிடுவது இதனால்தான்.

இந்த 3:30 மணிதான் வெயில் வைத்தியத்துக்கு மையப்புள்ளி. அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதாவது தூக்கமும் விழிப்பும் தாமதமாகும். அதற்குப் பின் படும் வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். மனிதக் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் பின்னுக்குத் தள்ளுவது சுலபம், நாளுக்கு ஏறத்தாழ 1.5 மணி நகரும். முன்னுக்கு இழுத்தால் 1 மணிதான். 12.5 மணியைப் பின்னுக்குத் தள்ளி முடிக்க எட்டு நாள் ஆகும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் இன்னும் நீளும்.

அப்படித்தான் நம் வீடுகளில் நடக்கிறது. பகல் முழுக்க ஜன்னல் திரையை மூடி, ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவை ஓய்வெடுக்க விட்டுவிட்டு, ஆபீஸ் முடிந்து வந்து ஐந்தரை மணிக்குப் பார்க்கில் வாக்கிங் கூட்டிப்போகிறோம். பாசத்தில் குறையில்லை, நேரம்தான் தவறு. முதல் இரண்டு நாள் செய்ய வேண்டியது நேர்மாறு: முற்பகலிலிருந்து மூன்று மணி வரை வெளியே, நான்குக்கு மேல் வீட்டுக்குள், வெளியே போயே ஆக வேண்டுமென்றால் கறுப்புக் கண்ணாடி. அடுத்தடுத்த நாள்களில் இந்த எல்லையை ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போகலாம். மேகம் மூடியிருந்தாலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் உண்டு. வீட்டு விளக்கில் சில நூறு தேறினால் அதிகம். ஜன்னல் ஓரம் உட்கார்வது வெயிலுக்கு ஈடாகாது. நியூ ஜெர்சிக்குப் போகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. அங்கே கோடையில் வித்தியாசம் 9.5 மணி, மையப்புள்ளி மாலை 6:30. பகல் முழுவதும் வெயில் நல்லதுதான்.

மெலடோனின் இதற்குப் போட்டி என்பதைவிடத் துணை என்பேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நேர மண்டலங்களைத் தாண்டியவர்களிடம் அது ஜெட் லேக்கைக் குறைத்தது தெரிந்தது. சேர்ந்த ஊரில் படுக்கும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும். பகலில் எடுத்தால் தூக்கக் கலக்கம்தான் மிச்சம். கலிஃபோர்னியாவின் இரவு 10 மணி, உடம்புக்கு இன்னும் காலை 10:30. அந்த நேரத்து மெலடோனினும் கடிகாரத்தைப் பின்னுக்கே தள்ளும்; பகல் வெயிலோடு ஒரே திசையில் இழுக்கும். அரை மில்லிகிராமும் 5 மில்லிகிராமும் ஜெட் லேக்கைக் கிட்டத்தட்ட ஒரே அளவு குறைத்தன. 5 மில்லிகிராமில் சற்றுச் சீக்கிரம் தூக்கம் வந்தது, அவ்வளவே. அதற்கு மேல் போய்ப் பலனில்லை. ஆனால் அமெரிக்கக் கடைகளில் 10 மில்லிகிராம் டப்பாதான் முன்வரிசையில் நிற்கும்.

அந்த டப்பாவை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் அது மருந்துக் கணக்கில் வராது, சத்துப்பொருள் கணக்கில் வரும். 2023-ல் மிட்டாய் போல மெல்லும் 25 வகை மெலடோனின் கம்மிகளைச் சோதித்தார்கள். 22-ல் லேபிளில் போட்டிருந்த அளவு சரியில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. யூ.எஸ்.பி. என்ற அமெரிக்க மருந்துத் தர அமைப்பின் முத்திரை உள்ள மாத்திரையைத் தேடி வாங்குவது உத்தமம். வலிப்பு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தூக்க மாத்திரை இதே வரிசையில் நிற்கத் தகுதியில்லாதது. ஸோல்பிடெம் தூங்கவைக்கும், கடிகாரத்தை நகர்த்தாது. விமானத்தில் கூடவே மது அருந்திவிட்டு, இறங்கியபின் நடந்தது எதுவும் நினைவில்லாமல் போனவர்கள் உண்டு. தூக்கத்தில் எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகளுக்காக 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. சித்தப்பாவின் அவில் தூக்க மாத்திரைகூட இல்லை, பழைய அலர்ஜி மருந்து. வயதானவர்களுக்குத் தலை கிறுகிறுப்பு, வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு வரை கொண்டுபோகும். புது வீட்டில், இரவு இரண்டு மணிக்கு, பழக்கமில்லாத பாத்ரூமுக்குத் தள்ளாடிக்கொண்டு போகும் எழுபது வயதுக்காரரை நினைத்துப் பார்த்தால் இந்த யோசனையே வேண்டாம் என்று தோன்றும்.

வயாகரா கொடுத்தால் வெள்ளெலிகள் ஜெட் லேக்கிலிருந்து சீக்கிரம் மீள்கின்றன என்று கண்டுபிடித்த அர்ஜென்டினா ஆய்வாளர்களுக்கு 2007-ல், சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. மச்சானிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

சாப்பிடும் நேரத்தை மாற்றியோ பட்டினி கிடந்தோ ஜெட் லேக்கைச் சரிசெய்யலாம் என்ற சாப்பாட்டு வைத்தியம் பாதி உண்மை. சாப்பிடும் நேரத்தை 5 மணி தள்ளிப்போட்டுப் பார்த்த சர்ரே பல்கலைக்கழக ஆய்வில் ரத்தச் சர்க்கரையின் தாளமும் ஏறத்தாழ அவ்வளவு தள்ளிப்போனது. மூளையின் கடிகாரம் அசையவில்லை. ஆகவே பட்டினி கிடந்து ஜெட் லேக்கை வெல்ல முடியாது. ஆனால் நள்ளிரவில் எழுந்து சாம்பார் சாதம் சூடு பண்ணுவதை விட்டு, உள்ளூர் நேரத்துக்குச் சாப்பிட்டால் வயிறாவது சீக்கிரம் வழிக்கு வரும். இன்சுலின் போடுபவர்கள் விஷயம் தனி. மேற்கே போகும்போது அந்த நாள் நீள்கிறது, கிழக்கே திரும்பும்போது சுருங்குகிறது. டிக்கெட் போட்டதுமே பயண நேரங்களை டாக்டரிடம் காட்டி, எந்த வேளைக்கு எத்தனை யூனிட் என்று எழுதி வாங்கிவிட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் ‘கண்ணை மூடாதே’ வைத்தியத்தில் ஒரு நல்லது உண்டு: அன்றிரவு அசதியில் தூக்கம் வரும். ஆனால் கடிகாரம் மாறாததால் ஒரு மணிக்கே விழிப்பும் வரும். வண்டி ஓட்ட வேண்டியவர் இதைச் செய்யவே கூடாது. மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து அரை மணி நேரம் தூங்குவது மேல்.

இதெல்லாம் பத்து நாளாவது தங்குபவர்களுக்கு. இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போகிறவர் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். முக்கியமான மீட்டிங்குகளைக் காலை 8-லிருந்து 11-க்குள் கேட்டு வாங்கினால் போதும். உடம்புக்கு அது இரவு எட்டரையிலிருந்து பதினொன்றரை. அமெரிக்க கிளையண்டோடு தினமும் ராத்திரி கால் பேசும் ஐ.டி. ஆள்களுக்கு அதுதானே சுறுசுறுப்பான நேரம்.

டிசம்பரில் கலிஃபோர்னியாவிலிருந்து கல்யாணத்துக்கென்று சென்னை வருகிறவர்களுக்கும் இதே கணக்கு. அப்போது வித்தியாசம் 13.5 மணி, அவர்களின் விடியற்காலை 4, நம் மாலை 5:30. காலை முகூர்த்தம் ஒன்றும் செய்யாது, உடம்புக்கு அது சாயங்காலம். மாட்டிக்கொள்வது வரவேற்பில்தான், மேடைக்குப் போகும் வரிசையில் நிற்கும்போது. அந்த இரண்டு நாளைக்கு வெயிலும் வேண்டாம், மெலடோனினும் வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணி நேரத் தூக்கம், நாலரைக்கு டிகாக்‌ஷன் தூக்கலாக ஒரு காபி.