வேக மீட்டர் பூஜ்யம் காட்டினால்: கழுவுவதா, மாற்றுவதா, ஜி.பி.எஸ்.ஸுக்குப் போவதா?

போன தை மாதம் ஒரு காலை, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டுப் பக்கம் ட்ரெய்லரில் நிறுத்தியிருந்த என் ஜெட் ஸ்கிக்குப் பின்னால் மல்லாந்து படுத்திருந்தேன். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. வேக மீட்டர் மட்டும் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. அதற்கு முந்தைய வாரம் ஒரு வொர்க்‌ஷாப்பில் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல், "சென்சார் போயிடுச்சு சார், புதுசு வரவழைக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். கூட வந்திருந்த தம்பி கோவளத்தில் வாடகை வண்டி ஓட்டுகிறவன். "சென்சாரே எதுக்குண்ணா? போன்ல ஜி.பி.எஸ். போட்டா ஸ்பீடு காட்டிடப் போவுது" என்றான். எனக்கோ முதலில் கழுவிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அன்றிலிருந்து மூன்று வழிகளையும் என் வண்டியையும் அவன் வண்டியையும் வைத்து எடைபோட்டுப் பார்த்துவிட்டேன்.

சென்சார் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதற்குள் இருப்பது இரண்டு பொருள். படகின் அடியில், பின்பக்கம், தண்ணீர் பட்டுச் சுழலும் சின்னத் துடுப்புச் சக்கரம் ஒன்று; அதில் காந்தம் பதித்திருக்கும். அதற்கு மேலே பிசின் ஊற்றி அடைத்த ஹால் சென்சார், அதாவது காந்தம் பக்கத்தில் வந்தால் உணரும் சின்ன மின்னணுப் பொருள். காந்தம் கடக்கும் ஒவ்வொரு முறையும் சென்சார் ஒரு துடிப்பை அனுப்புகிறது. மீட்டர் அந்தத் துடிப்புகளை எண்ணி, வேகக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. நான் பார்த்த வரை நம் பக்கத்துத் தண்ணீரில் முதலில் மாட்டிக்கொள்வது சுழலும் பகுதிதான், எண்ணும் பகுதி அல்ல. முகத்துவாரத்து மணல், படகடியில் ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு, அறுந்து மிதக்கும் மீன்பிடித் தங்கூசி நரம்பு என்று எல்லாமே அந்தச் சக்கரத்தைத் தேடித்தான் வருகின்றன.

அதனால் கழுவும் வழியைத்தான் முதலில் வைப்பேன். லேன்யார்டை (கழற்றினால் இன்ஜினை நிறுத்திவிடும் பாதுகாப்புக் கயிறு) கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பேட்டரி நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட்டுத்தான் அடியில் கை வைக்க வேண்டும். சக்கரத்தை விரலால் தட்டினால் தடையில்லாமல் சுற்றி, மெல்ல நிற்க வேண்டும். என் வண்டியில் அரைச் சுற்றிலேயே நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால் அச்சில் மூன்று நான்கு சுற்றாகத் தங்கூசி. வெளியே தெரிந்தது தலைமுடி அளவு நுனிதான். இழுக்க இழுக்க ஒரு முழத்துக்கு வந்தது. கொட்டலசு ஒட்டியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், இதழ் உடைந்துவிடும். அதன் ஓடு சுண்ணாம்புதான். வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்தால் இளகிவிடும், பிறகு பழைய டூத் பிரஷ் போதும். அச்சுக்கு கிரீஸ் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மணல் அதில் ஒட்டி, முன்பிருந்ததைவிட மோசமாகும். ஏர் கம்ப்ரசரால் ஊதிச் சுற்றவிடுவதும் வேண்டாம், அத்தனை வேகத்துக்கு அந்தச் சக்கரத்தைச் செய்யவில்லை.

நரம்பை எடுத்த பிறகும் மீட்டர் பூஜ்யம்தான். இந்த இடத்தில்தான் பலரும் "சரி, சென்சார் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள். அதற்கு முன்னால் மல்டிமீட்டர் பேச வேண்டும். சென்சாருக்கு மூன்று ஒயர்: சப்ளை, எர்த், சிக்னல். நிறமும் வோல்டேஜும் மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கனெக்டரைக் கழற்றி ஓம்ஸ் வைத்து மின்தடை பார்ப்பது வீண் வேலை, உள்ளே இருப்பது வெறும் சுருள் கம்பி இல்லை. கழற்றிய சென்சாருக்குத் தனியாகச் சப்ளை கொடுத்துச் சிக்னலைத் தேடினாலும் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலான ஹால் சென்சார்கள் தாமாக வோல்டேஜைத் தள்ளுவதில்லை. மீட்டர் பக்கத்திலிருந்து வரும் வோல்டேஜை எர்த்துக்கு இழுத்து விடுகின்றன, அவ்வளவுதான். அதனால் பேட்டரியைத் திரும்ப இணைத்து, கனெக்டரை மாட்டிய நிலையிலேயே பின்பக்கமாகக் குண்டூசி செருகி அளக்க வேண்டும். இன்ஜின் ஓடக் கூடாது, மீட்டருக்கு மட்டும் கரண்ட் போக வேண்டும். ஸ்டார்ட் பட்டன் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

சக்கரத்தை மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புங்கள். சிக்னல் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் மேலேயும் மாறி மாறிக் குதித்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. வேகமாகச் சுற்றினால் மல்டிமீட்டர் சராசரி எடுத்து நடுவாந்திரமாக ஓர் எண்ணைக் காட்டும்; அதைப் பார்த்து நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. என் வண்டியில் சிக்னல் குதிப்பது இருக்கட்டும், சப்ளையே வரவில்லை. கனெக்டரைப் பிரித்தேன். ஒரு பின்னைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, சிலிக்கான் கிரீஸ் பூசி மாட்டினேன். விரலால் சக்கரத்தைச் சுண்டியதும் மீட்டரில் எண் துள்ளியது. தம்பி கைதட்டிவிட்டான்.

சப்ளை சரி, எர்த் சரி, சக்கரமும் சுற்றுகிறது, சிக்னல் மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் புது சென்சார்தான். பிசினுக்குள் அடைத்ததைத் திறந்து பழுது பார்க்க முடியாது. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் ஹால் ஐ.சி. (சென்சாருக்குள் இருக்கும் சிப்) தனியாகக் கிடைக்கிறது என்று நண்பர் ஒருவர் ஆசை காட்டினார். அங்கே போய் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபும் நல்ல கனெக்டரும் வாங்குங்கள், ஐ.சி. வாங்கி ஒட்டுவேலை செய்யாதீர்கள். காரணம், அந்த ஒயர் படகின் உடம்பில் ஒரு துளை வழியாகத்தான் உள்ளே போகிறது. சென்சாரை மாற்றுவது என்றால் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் ஓர் இடத்தைக் கலைப்பது என்று அர்த்தம். வேலையை நன்றாகச் செய்யாவிட்டால் வேகம் சரியாகத் தெரியும், பில்ஜில், அதாவது படகின் உள் அடித்தளத்தில், தண்ணீரும் ஏறும். மாற்றிய அன்றைக்குக் கரையோரமாகவே பத்து நிமிடம் ஓட்டி, மேலே ஏற்றி, ட்ரெயின் பிளக்கை (தண்ணீர் வடிக்கும் அடைப்பான்) கழற்றி எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். தேவையில்லாமல் மாற்றாதே என்று நான் பிடிவாதம் பிடிப்பது விலைக்காக மட்டும் இல்லை, இந்தத் துளைக்காகவும்தான்.

இனி தம்பியின் ஜி.பி.எஸ். அவன் சொன்னதில் நியாயம் நிறைய. அதற்குச் சக்கரம் இல்லை, அடைப்பு இல்லை, படகில் துளையும் வேண்டாம். துல்லியத்திலும் அதுதான் மேல். துடுப்புச் சக்கர மீட்டர்கள் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டுகின்றன. ஆனால் இரண்டும் அளப்பது வேறு வேறு. சக்கரம் தண்ணீருக்கு எதிரான வேகத்தை அளக்கிறது, ஜி.பி.எஸ். தரைக்கு எதிரான வேகத்தை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் நம் கரையோரம் நீரோட்டம் வடக்கே இழுக்கும். அப்போது கோவளத்திலிருந்து வடக்கே போகையில் ஜி.பி.எஸ். கூட்டிச் சொல்லும், திரும்பி வருகையில் குறைத்துச் சொல்லும். ஒரு நாட் நீரோட்டம் என்றாலே மணிக்கு 1.85 கி.மீ., போக வர வித்தியாசம் அதில் இரண்டு மடங்கு. கரைக்கு எப்போது வந்து சேர்வோம் என்று கணக்குப் போட ஜி.பி.எஸ். எண்தான் உதவும்.

ஜி.பி.எஸ். செய்ய முடியாத ஒன்று உண்டு. சில மாடல்களில் வண்டியின் கம்ப்யூட்டரே வேக சிக்னலை எடுத்துக்கொள்கிறது; ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டும் க்ரூஸ் வசதிக்கோ, த்ராட்டிலை விட்ட பிறகு ஸ்டியரிங்குக்குக் கைகொடுக்கும் வசதிக்கோ அது தேவைப்படலாம். கைப்பிடியில் கட்டிய போன் ஓட்டுகிறவருக்குத்தான் வேகம் சொல்லும், வண்டிக்குச் சொல்லாது. உங்கள் வண்டியில் இது உண்டா என்பதை மேனுவலில் பார்த்த பிறகுதான் ஜி.பி.எஸ். போதுமா என்று முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அலைமேல் ஏறிக் குதிக்கும்போது ஒரு நொடி பூஜ்யம் காட்டி மீண்டால் அது பழுது இல்லை, சக்கரம் தண்ணீரை விட்டு மேலே வந்திருக்கிறது. தட்டையான தண்ணீரில், ஒரே த்ராட்டிலில் எண் விட்டுவிட்டு வந்தால் கனெக்டரைச் சந்தேகப்படுங்கள்.

தம்பியின் வண்டி பழைய மாடல், சிக்னல் மீட்டருக்கு மட்டும்தான் போகிறது. அளந்து பார்த்தோம், அவனுடைய சென்சார் உண்மையாகவே செத்திருந்தது. துளையைக் கலைக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடு என்றேன். தண்ணீர் புகாத சின்ன ஜி.பி.எஸ். ஒன்றைக் கைப்பிடியில் கட்டியிருக்கிறான். என் வண்டியில் பழைய சென்சாரேதான். ஓட்டி முடித்துக் கரையேற்றியதும் நல்ல தண்ணீர் அடித்து, விரலால் ஒரு தடவை சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் தார்ப்பாய் போடுகிறேன்.